திறக்க வராத கத்தி

பதினோராம் எண் கத்தியின் அரக்கு முத்திரை உடைந்திருந்தது.

கீழே விழுந்து இரண்டாகப் பிளந்த உடைப்பாக இருந்தால் எலியின் தலையிலோ நிலநடுக்கத்தின் தலையிலோ பழியைப் போட்டுவிடலாம். இந்தத் தீவுகளில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இது ஓரத்திலிருந்து உள்நோக்கி யாரோ சுரண்டிச் சுரண்டி உதிர்த்த உடைப்பு. கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் விரித்திருந்த பச்சை வெல்வெட்டின்மேல் சிவப்புப் பொடி குங்குமம்போலச் சிந்திக் கிடந்தது. கத்தியைச் சுற்றிக் கட்டிய சணலில் ஒரு முடிச்சு நெகிழ்ந்திருந்தது. அலமாரியின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி ஜெகநாதனின் இடுப்பில், அரைஞாண் கயிற்றில், காலையில் அவர் மாட்டிக்கொண்டு போன இடத்திலேயே இருந்தது.

ஜெகநாதன் ஹேடோ துறைமுகக் கிடங்கில் சூப்பிரண்டு. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் எதையும் எண்ணி, சீட்டுக் கட்டி, சணலால் சுற்றி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்துவதில் இருபத்தெட்டு வருடங்களைக் கழித்தவர். மனிதர் எதை மன்னித்தாலும் உடைந்த முத்திரையை மன்னிக்க மாட்டார்.

“உமா!”

“என்னங்க, கப்பல் கவுந்த மாதிரி?” உமா மகேஸ்வரி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டி; தீபாவளிக்கு வைத்த மருதாணி விரல் நுனிகளில் இன்னும் கருஞ்சிவப்பாக இருந்தது.

“இதை யார் தொட்டது?”

“நான்தான். உங்க இடுப்புச் சாவிய உருவி, அலமாரியத் தொறந்து, துருப்புடிச்ச கத்தியில கத்தரிக்கா நறுக்கி, மறுபடி பூட்டி, சாவிய இடுப்புலயே மாட்டிவிட்டேன். நீங்க ஆபீஸ்ல தூங்கிட்டு இருந்தீங்களா, தெரியல.”

“விளையாட்டுக்குக் கேக்கல.”

“நானும் விளையாட்டுக்குச் சொல்லல. பதினோரு கத்தி இருக்குற வீட்டுல ஒரு வெங்காயம் நறுக்க ஒரு கத்தி வாங்கித் தரத் துப்பில்ல.”

மணி ஐந்தேகால்தான். ஆனால் நவம்பரில் இந்தத் தீவில் சூரியன் அரசாங்க ஊழியரைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடும். ஜன்னலுக்கு வெளியே குவார்ட்டர்ஸ் சுவரும், அதற்கப்பால் துறைமுகத் தண்ணீரும் ஒரே கறுப்பாகிவிட்டன. பரமக்குடியிலிருந்து தங்கை சந்திரமதி வீடியோவில் கூப்பிட்டபோது அவள் முகத்துக்குப் பின்னால் வெயில் மஞ்சளாக அடித்தது. “என்னண்ணே, அதுக்குள்ள ராத்திரி ஆயிருச்சா உங்களுக்கு?” என்று அவள் எப்போதும் கேட்பதைக் கேட்டாள். பதில் சொல்வதற்குள் கரண்ட் போயிற்று. ஒரு வாரமாகத் தினமும் ஐந்தரைக்குப் போய் ஏழுக்கு வருகிறது. இணைப்பும் அறுந்தது. மின்விசிறியின் இறக்கைகள் சுழன்று, தளர்ந்து, நின்றன. அந்த நிசப்தத்தில், மழை விட்ட கூரை சொட்டும் சத்தத்துக்கும் தூரத்தில் இழுவைப் படகு ஒன்றின் இஞ்சின் உறுமலுக்கும் நடுவே, ஜெகநாதன் முதல்முறையாக அதைக் கேட்டார்.

கிர்ர்க். கிர்ர்க்.

நகத்தால் இரும்பைச் சுரண்டும் சத்தம். அலமாரிப் பக்கத்திலிருந்து.

டார்ச்சைத் தேடி எடுத்து அடித்தபோது சத்தம் இல்லை. பதினோரு கத்திகளும் ஒழுங்காகப் படுத்திருந்தன.

*

இவர் கத்தி சேர்க்கத் தொடங்கிய கதை வீரக் கதை அல்ல. சென்ற ஏப்ரலில் புதிய அதிகாரி கிருஷ்ணமூர்த்தி வந்தபோது அவருக்கு ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். சமோசா ஆறிக்கொண்டிருக்க, அதிகாரி ஒவ்வொருவராகக் கைகுலுக்கி, “உங்கள் ஹாபி என்ன?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். கணக்குப் பிரிவு வங்காளி, பறவை பார்ப்பதாகச் சொன்னார். அவர் பார்த்த ஒரே பறவை தட்டில் வரும் கோழி. எலக்ட்ரிகல் ஆள் தபால்தலை என்றார். ஜெகநாதனின் முறை வந்தது. ஐம்பத்து நான்கு வயதில் தனக்குத் தூக்கத்தையும் மோர்க்குழம்பையும் தவிர வேறு ஆசை இல்லை என்பதை அந்த நொடியில்தான் அவர் கண்டுபிடித்தார். சட்டைப்பையில் பென்சில் சீவும் பேனாக்கத்தி விரலில் பட்டது.

“நைஃப் கலெக்‌ஷன் சார். மடக்குக் கத்திகள் மட்டும்.”

அதிகாரியின் புருவம் உயர்ந்தது. “அடடே! எத்தனை இருக்கு?”

“அது... வளர்ந்துட்டே இருக்கு சார்.”

அன்று அவரிடம் இருந்தது ஒன்று. பொய்யை மெய்யாக்கும் பொறுப்பு மறுநாளே தொடங்கியது. மான்கொம்புப் பிடி போட்டது ஒன்று, தோட்டக்கலை ஆள் கொடுத்த ஒட்டுக் கத்தி ஒன்று, பித்தளைப் பிடியில் மீன்போல வளைந்த ராம்புரி ஒன்று, திருப்புளி முதல் பல்குச்சிவரை விரியும் சிவப்புச் சீமைக் கத்தி ஒன்று என்று ஏழு மாதத்தில் பத்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார், சீட்டுக் கட்டினார், யாரும் திறந்து விரலை வெட்டிக்கொள்ளக் கூடாதென்று சணல் சுற்றி அரக்கு முத்திரை வைத்தார். கத்தி சேர்ப்பவன் கத்தியைத் திறந்து பார்த்து ரசிப்பான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கிடங்குக்காரனுக்குப் பொருள் என்பது கட்டி வைப்பதற்குத்தான்.

“எங்கிட்ட ஒரு கலெக்‌ஷன் இருக்கு” என்று சொல்லும்போது அவர் குரல் அரை ஸ்தாயி கீழே இறங்கும். தொப்பை அரை அங்குலம் முன்னே வரும். கிடங்கு கிளார்க் மகேஷ்குமார் இதை அப்படியே நடித்துக்காட்டுவான். பார்க்காதவர்கள் ஹேடோவில் இல்லை.

பதினோராவது கத்தி சுந்தரத்திடமிருந்து வந்தது. சுந்தரம் தீவிலேயே பிறந்து வளர்ந்தவன். கப்பலின் விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் முங்கி அறுத்துவிடும் முக்குளிப்பு ஆட்களில் ஒருவன். தீபாவளிக்கு முந்தின நாள் கிடங்குக்கு வந்து, மேஜைமேல் ஈரத்துணியை விரித்துக் காட்டினான். விரல் நீளத்தில் கறுப்பு மரப்பிடி. அலகு முழுக்க உள்ளே மடங்கி, துரு ஏறி, பிடியோடு பிடியாக ஒட்டிப்போன கத்தி.

“உங்களுக்குத்தான் பைத்தியமாமே சாப். மகேஷ் பாய் சொன்னாரு. வெச்சுக்கோங்க.”

“எங்க கெடச்சது?”

“கப்பல் கட்டுற ஜெட்டிக்கு அடியில. பழைய கப்பல் கயிறு ஒண்ணு கெடந்துச்சு, என் தொடை மொத்தம். அறுத்து மேல எடுத்தோம். அந்தச் சுத்துக்குள்ள இருந்துச்சு இது.” சுந்தரம் துணியைப் பிழிந்துகொண்டே நின்றான். “கயிறு சுத்தியிருந்த மாதிரிதான் சாப் புரியல. சும்மா கெடக்குற கயிறு தளர்வாத்தான் கெடக்கும். இது இறுக்கமா, மேலேருந்து கீழ வரைக்கும், ஒரு ஆள் உசரத்துக்கு சுத்தியிருந்துச்சு. உள்ள பாத்தா குச் பி நஹீ. ஒண்ணுமே இல்ல. தண்ணிதான். ஆனா சுத்து அப்படியே நின்னுச்சு.”

“தொறக்க வருதா?”

“நஹீ சாப். நானும் பாத்தேன். நகம் குடுக்கவே முடியல.”

ஜெகநாதனுக்கு அது பெருமையாக இருந்தது. திறக்க வராத பொருள் உயர்ந்த பொருள். மண்ணெண்ணெய் தடவிப் பார்க்கலாம் என்றான் சுந்தரம். “ஒரிஜினல் கண்டிஷன் கெட்டுரும்ப்பா” என்று அரை ஸ்தாயி கீழே இறங்கிச் சொன்னார் ஜெகநாதன். மற்றவற்றுக்கு மூன்று சுற்றுச் சணல். இதற்கு ஐந்து சுற்று சுற்றி, இழுத்துக் கட்டி, அரக்கை ஊற்றினார்.

*

முத்திரை உடைந்த மறுநாள் புதிதாக ஒன்று வைத்துவிட்டு அலுவலகம் போனார். மாலையில் வந்து பார்த்தபோது முழுதாக இருந்தது. கரண்ட் போய், கிர்ர்க் என்ற சத்தம் தொடங்கி, நின்று, ஏழு மணிக்கு விளக்கு எரிந்ததும் ஓடிப் பார்த்தார். உதிர்ந்திருந்தது. கத்தியைக் கையில் எடுத்தார். ஈரம். நகம் கொடுத்து இழுப்பதற்காக அலகின் முதுகோரம் பிறைபோல ஒரு பள்ளம் வெட்டியிருக்குமே, அதில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மீன் செதிலாக இருக்கும் என்று குண்டூசியால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் போட்டார்.

நகம்.

முழு நகம். வெகுநாள் தண்ணீரில் ஊறினதுபோல வெளுத்து, இழுத்தால் வளையும் மெதுமையாக, அடிப்பக்கம் கந்தல் கந்தலாக. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அதன் வாடை தானாகவே வந்தது. படகின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரும் நனைந்த கயிறும் செத்த சிப்பியும் சேர்ந்த வாடை. கழிப்பறையில் போட்டு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மோர்க்குழம்பில் அந்த வாடை அடித்தது.

மூன்றாம் நாள் இன்னொரு நகம். நான்காம் நாள் ஒன்று, சின்னது, சுண்டுவிரல் அளவு.

பயப்படுவது பதவிக்கு இழுக்கு என்பதால் ஜெகநாதன் விசாரணை நடத்தினார். மகேஷ்குமாரைக் கூப்பிட்டு, வீட்டுப் பக்கம் வந்தாயா என்று கேட்டார்.

“ஜெகன் சார், உங்க வீட்டுக்கு வந்தா மேடம் காபி தருவாங்க, நீங்க கலெக்‌ஷன் காட்டுவீங்க. காபிக்காக அவ்ளோ கஷ்டப்பட முடியுமா?”

கிடங்கு சிரித்தது. அன்று ஜெகநாதனுக்குக் கோபம் வரவில்லை. சுந்தரத்தைத் தேடிக்கொண்டு ஜெட்டிக்குப் போனார். அவன் காலில் துடுப்பு மாட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் உறையோடு ஒரு நேர்க்கத்தி.

“நீங்கல்லாம் மடக்குக் கத்தி வெச்சுக்க மாட்டீங்களா?” என்று, பேச்சை எங்கேயோ தொடங்க வேண்டுமே என்று கேட்டார்.

“பாகல் ஹை க்யா சாப்? பைத்தியமா புடிச்சிருக்கு? தண்ணிக்குள்ள மடக்குக் கத்தி எமன். கயித்துல மாட்டிக்கிட்டா கை மரத்துப் போயிரும். விரல் ஊறி நகம் பஞ்சாயிரும். பள்ளத்துல நகத்தக் குடுத்தா நகந்தான் வரும், கத்தி வராது.” தன் வலது கையை விரித்து, ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினான். “கத்தி கையில இருக்கும். தொறக்க வராது. அத மாதிரி சாவு யாருக்கும் வரக் கூடாது.”

ஜெகநாதன் எதற்காக வந்தாரோ அதைக் கேட்காமலே திரும்பினார்.

*

ஏழாம் நாள் கிடைத்த நகம் வெளுத்திருக்கவில்லை. அதில் மருதாணி இருந்தது.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விளக்கடியில் வெகுநேரம் நின்றார். கருஞ்சிவப்பு. அடியில் காயாத ரத்தம். கூடத்தில் உமா நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கட்டைவிரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

“கையில என்ன?”

“என்னது?” குனிந்து பார்த்தாள். யாரோ தன் விரலில் துணியைச் சுற்றிவிட்டுப் போனதுபோலப் பார்த்தாள். “தேங்கா துருவுறப்ப பட்டிருக்கும்.”

“இன்னிக்குத் தேங்கா போட்டு ஒண்ணும் செய்யலயே.”

“அப்ப கதவிடுக்குல நசுங்கியிருக்கும். ஒரு நகத்துக்கு விசாரணைக் கமிஷன் வெக்காதீங்க.”

அவள் கையைப் பிடித்தார். சில்லென்றிருந்தது. விரல் நுனிகள் துணி துவைத்த கைபோலச் சுருங்கி வெளுத்திருந்தன. புடவை முந்தானையிலிருந்து அந்த வாடை வந்தது.

“கரண்ட் போனப்ப நீ எங்க இருந்த?”

“இங்கதான். சித்த கண் அசந்துட்டேன்போல. ஏங்க, கையை விடுங்க, வலிக்குது.”

சாவி இடுப்பில் இருந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. எப்படி என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்தால் பதில் வந்துவிடுமோ என்றிருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் மழைக்காலப் பூஞ்சை என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அன்று மாலை கரண்ட் போனபோது ஜெகநாதன் கூடத்திலேயே, அவள் நாற்காலிக்கு எதிரில், டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணிமைக்கவில்லை என்றுதான் நினைத்தார். விளக்கு வந்தபோது அவர் தாடை மார்பில் இடித்துக்கொண்டிருந்தது. உமா அதே நாற்காலியில் இருந்தாள். அவளது மூன்று விரல்களிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. விரல்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் கேட்டிராத குரலில், கேலி ஒரு துளியும் இல்லாமல் சொன்னாள்:

“அந்தக் கத்திய எடுத்த எடத்துலயே போட்டுருங்க. எனக்கு என்னமோ ஆகுதுங்க.”

“போட்டுடறேன்.”

“இப்பவே.”

“சனிக்கிழமை சாயங்காலம்.”

அன்று வியாழன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி கிருஷ்ணமூர்த்தி மனைவியோடு தேநீருக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கடலுக்கடியிலிருந்து எடுத்த கத்தி என்று ஜெகநாதன்தான் அவரிடம் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லியிருந்தார். ‘பிரிட்டிஷ் காலத்துது சார்’ என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருந்தார். அது இல்லாத அலமாரியை எப்படிக் காட்டுவது?

“ரெண்டே நாள் உமா. நான் பக்கத்துலயே இருக்கேன்ல?”

உமா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சண்டை போட்டு, தோற்று, கத்தியை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போயிருப்பார், வழக்கம் அதுதான்.

*

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். கிடங்கிலிருந்து ஒரு சணல் உருண்டையும் கொண்டுவந்திருந்தார்.

கூடத்தில், அலமாரியை ஒட்டிக் கட்டிலை இழுத்துப் போட்டார். ஐந்து மணிக்கு இருட்டியதும் உமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளது வலது மணிக்கட்டில் சணலை இரண்டு சுற்றுச் சுற்றிக் கிடங்கு முடிச்சுப் போட்டார். மூட்டை கப்பல் ஏறி இறங்கினாலும் நெகிழாத முடிச்சு. மறுமுனையைத் தன் இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். நடுவே ஒரு முழம் விட்டார்.

“அரக்கு வெக்கலியா?” என்றாள் உமா. சிரிக்க முயன்றாள்.

“நீ எந்திரிச்சா எனக்குத் தெரியணும். அவ்ளோதான்.”

கரண்ட் போயிற்று.

மழை பிடித்துக்கொண்டது. தகரக்கூரைமேல் விழுந்த மழை மற்றெல்லாச் சத்தத்தையும் மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தெருநாய், துறைமுகத்தில் சங்கிலி இறங்கும் கடகடப்பு எல்லாம் ஒவ்வொன்றாக அதற்குள் மூழ்கின. ஜெகநாதன் சணலின் ஒவ்வொரு அசைவையும் மணிக்கட்டில் வாங்கிக்கொண்டு விழித்திருந்தார். அவள் மூச்சு பக்கத்தில் சீராக வந்துகொண்டிருந்தது. ஈரக் கயிற்றின் வாடை அறைக்குள் தண்ணீர் ஏறுவதுபோல மெதுவாக, கணுக்காலிலிருந்து முழங்காலுக்கும் முழங்காலிலிருந்து இடுப்புக்கும் ஏறியது.

சுரண்டும் சத்தம் இல்லை.

அதுதான் தப்பு என்று பட்டது. சத்தம் இல்லை. மூச்சும் சீராக இல்லை.

“உமா?”

“ஏங்க...” குரல் நெரிந்து வந்தது. “தொறந்து குடுங்க.”

டார்ச்சை அடித்தார். அவள் எழுந்திருக்கவே இல்லை. அவர் பக்கத்திலேயே, அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு கைகளும் மல்லாந்து கிடந்தன. அவற்றில் பதினோராம் எண் கத்தி. விரல்கள் பத்திலும் நகம் இல்லை.

“யாரு எடுத்தா? எப்படி...”

“இறுக்குதுங்க.”

சணலைப் பார்த்தார். மணிக்கட்டில் தளர்வாகத்தான் இருந்தது. “எங்க? எங்கடி இறுக்குது?”

அவளால் காட்ட முடியவில்லை. காட்ட வேண்டியதும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் அவளது புடவை மார்பின் குறுக்கே அமுங்கியது. தொடை மொத்தத்துக்கு ஒரு பள்ளம். அதற்குக் கீழே இன்னொன்று. வயிற்றைச் சுற்றி இன்னொன்று. கயிறு இல்லை. ஒன்றுமே இல்லை. பள்ளங்கள் மட்டும் தோளிலிருந்து இடுப்புவரை வரிவரியாக ஆழ்ந்துகொண்டே போயின. அவள் வாய் திறந்தது. காற்று உள்ளே போகவில்லை.

கையால் பற்றினார். விரலில் எதுவும் படவில்லை. அவள் சதை மட்டும் உள்ளே போயிற்று. சணல் இழுக்க இழுக்க எட்டி, அலமாரிக் கண்ணாடியை முழங்கையால் உடைத்து ராம்புரியை எடுத்தார். அதைச் சுற்றியிருந்த சணலைப் பல்லால் கடித்துப் பிய்த்தார். முத்திரை தெறித்தது. விரித்தார். பள்ளத்துக்கு மேலே வீசி அறுத்தார். காற்று. மறுபடி அறுத்தார். காற்று. உமாவின் கண்கள் வெள்ளையாகத் திரும்பின.

அவள் மடியிலிருந்து மற்றதை எடுத்தார்.

பிறைப் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுத்தார். வரவில்லை. இழுத்தார். ஏதோ கிழிந்தது. கட்டைவிரலிலிருந்து தோள்வரை தீ ஓடியது. இழுத்தார். துரு முனகியது. அலகு வந்தது.

அவள் மார்புக்கு ஓர் அங்குலம் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், அலகு எதன்மேலோ பதிந்தது.

கனமான, நனைந்த, நார் நாரான ஒன்று. அறுத்தார். ஒரு புரி தெறித்தது; முகத்தில் உப்புத்தண்ணீர் அடித்தது. இன்னொரு புரி. இன்னொன்று. பட்டென்று விட்டது. மேல் பள்ளம் நிமிர்ந்தது. அடுத்ததை அறுத்தார். அதற்கடுத்ததை. கட்டில் ஆடியது. தரையில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ சுருள் சுருளாக விழுந்தது. உமா கரையில் போட்ட மீனைப்போல வாயைத் திறந்து, ஒரு முழு மூச்சை உள்ளே இழுத்தாள்.

இருமினாள். அழுதாள். “ஏங்க” என்றாள். அவள் குரல். அவளுடையதேதான்.

கரண்ட் வந்தது.

டியூப்லைட் இரண்டு முறை கண்சிமிட்டி எரிந்தது. மின்விசிறி சுழன்றது. பக்கத்து வீட்டில் சீரியலின் தொடக்கப் பாட்டு பாதியிலிருந்து பாடியது. உமா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வாசல் கதவருகே போய் நின்றாள். இரு கைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அவளது வலது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

ஜெகநாதன் தன் இடது மணிக்கட்டைப் பார்த்தார். சணல் இருந்தது. முடிச்சு இருந்தது. மறுமுனை கட்டிலின்மேல் விழுந்து கிடக்கவில்லை. அது விறைப்பாக நேரே போயிற்று. அவருக்கு ஒரு முழம் எதிரில், நின்றிருக்கும் ஓர் ஆளின் கை தொங்கும் உயரத்தில், வெறும் காற்றில், இரண்டு சுற்றுச் சணல் வட்டமாக நின்றது. அவர் போட்ட முடிச்சு. வட்டத்துக்குள் எதுவும் இல்லை. அதன் அடிவிளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரையில் இரண்டு ஈரக் காலடித் தடங்கள்.

வட்டம் அசைந்தது. சணல் லேசாக, பொறுமையாக, குழந்தையைக் கூட்டிப்போவதுபோல இழுத்தது.

வலது கையிலிருந்த பதினோராம் எண் கத்தி தானாக மடங்கிக்கொண்டது.

“உமா.”

அவள் ஓடிவந்து பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நகமில்லாத விரல்கள் ரத்தத்தில் வழுக்கின. ஜெகநாதன் ராம்புரியைக் குனிந்து எடுத்துச் சணலை அறுத்தார். ஒரு நார்கூட அறவில்லை. பல்லால் கடித்தார். வாயெல்லாம் உப்பு. சணல் இழுத்தது. தரைமேல் ஈரத் தடம் ஒன்று கூடியது, கதவுப் பக்கமாக. அவர் ஓர் அடி போனார். உமாவும் அவரோடு வந்தாள்.

“தொறங்க... அதத் தொறங்க...”

ராம்புரியைப் போட்டுவிட்டுக் கறுப்புப் பிடியை இடது உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார். பிறைப் பள்ளம் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதில் அவருடைய கட்டைவிரல் நகம் அப்படியே ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டுச் சுட்டுவிரலை வைத்தார். இழுத்தார். நகம் வந்தது.

இன்னோர் ஈரத் தடம்.

நடுவிரலை வைத்தார்.